வியாழக்கிழமை மழை

மூன்று குடம் ஊற்றியாயிற்று. லெட்சுமி நான்காவது குடத்தை வாளிக்குள் அமிழ்த்தினாள்.

"போதும் அண்ணி," என்றார் கொழுந்தன் சந்திரசேகரன். "பத்து லஞ்சாங் சுடுகாட்டுக்குப் போய்ச் சேரணும். வெயில் ஏறுதுலா."

"இன்னும் சுடுறாரு தம்பி. தொட்டுப் பாருங்க."

பெஞ்சில் கிடந்த அவள் கணவர் புவனேஸ்வரனைத் தொட்டுப் பார்க்க ஒருவருக்கும் மனம் துணியவில்லை. ஜுருவில் பழைய கார் விற்கும் இடத்தில் வண்டி கழுவிக்கொண்டிருந்த மனுஷன், நேற்று, வியாழக்கிழமை மத்தியானம், வெயிலில் சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் ஐஸ் வைத்துப் பார்த்தும் உடம்புச் சூடு இறங்கவில்லை. சாயங்காலம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அடுக்குமாடிக்குக் கீழே போட்ட பந்தலின் ஓரத்தில் மகள் சுபாஷினி நின்றாள். வானிலை அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அப்பாவோடு வேலை பார்த்த ஷஃபீக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"அழாதம்மா. அண்ணனுக்கு ஒன்ன நெனச்சு அவ்ளோ பெரும. முந்தாநாளு வெயில் கடுமையா இருக்குன்னு பாஸ் லீவு குடுக்கறேன்னாரு. 'எதுக்கு பாஸ், வியாழக்கெழம மழைன்னு எம்மக சொல்லிட்டா, ஒரு நாள்தானே'ன்னு சிரிச்சாரு."

ஆறுதல் சொல்ல வந்தவர்தான், பாவம்.

இந்தியப் பெருங்கடலிலிருந்து மழையைத் தள்ளிக்கொண்டு வரவேண்டிய பெரிய காற்றலை, கிளம்பித்தான் வந்தது. நடுவழியில் சண்டி மாடு மாதிரி படுத்துவிட்டது. பூமி சூடேறச் சூடேற இந்த அலைகள் பழைய கணக்குக்கு அடங்குவதில்லை என்று அலுவலகத்தில் படம் போட்டு விளக்கியவளே அவள்தான். வீட்டில் மட்டும், அப்பா ஆசையாகக் கேட்டதும், அடித்துச் சொல்லிவிட்டாள். நிச்சயமில்லைப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாய் முத்தா உதிர்ந்திருக்கும்? ஐயோ, அவர் அவள் பேச்சை நம்பியல்லவா வெயிலில் நின்றார்!

"இன்னும் ஒரே ஒரு கொடம்," என்று லெட்சுமி கெஞ்சினாள். சந்திரசேகரன் குடத்தைப் பிடுங்கப் போனார்.

சுபாஷினி ஓடி வந்து அப்பாவின் நெற்றியில் கை வைத்தாள். ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியிலிருந்து வந்த உடம்பு, சில்லென்று இருந்தது.

"சுடுதுதான் சித்தப்பா. விடுங்க."

குடத்தை வாங்கிச் சாய்த்தாள். மறுகையை அடியில் ஏந்தி, விரலிடுக்கு வழியே தண்ணீரைத் தூறலாக அவர் முகத்தில் விட்டாள். வாளி காலியானதும் லெட்சுமி அதைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.