கடைசிக் கட்டத்து விளக்கு

1

உலகெங்கும் பரந்து வாழும் தமிழ் மக்கள் அனைவருக்கும் அறியத்தருவது யாதெனில்: கடந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணி பத்து நிமிடமளவில், அச்சுவேலிக்கு அண்மையிலுள்ள சனசமூக நிலையமொன்றில், தபாற்கந்தோர் எழுதுவினைஞர் ஒருவர் உயிரோடிருக்கும் பெண்மணி ஒருவரின் மூக்கை வரையத் தொடங்கினார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.

இவ்வளவு பெரிய செய்தி பிறந்தது வடை சுற்றிய ஒரு கடதாசிச் சரையில்.

புத்தூர்ச் சந்திக்குக் கிட்ட ஒரு தேநீர்க்கடையில் எட்டு வடை வாங்கினேன். (நான் தனி ஆள். எட்டு வாங்கினால் வீட்டில் சனம் இருக்கிறதென்று கடைக்காரர் நினைப்பார். இது கதைக்கு வெளியே.) எட்டு வடை என்பதால் ஒரு முழுத் தாளில் சுற்றித் தந்தார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிச் செல்லலாம். வீட்டில் பிரித்துப் பார்த்தால் அது மரண அறிவித்தல் பக்கம். எண்ணெய் ஊறிய முகங்களின் மேல் பென்சிலால் நெடுக்கும் குறுக்குமாகக் கோடுகள், சமமான கட்டங்கள். ஓவியம் பழகுகிறவர்கள் ஒரு படத்தைப் பார்த்துப் பெரிதாகக் கீற இப்படித்தான் கட்டம் போடுவார்கள். அப்படியென்றால் இந்தப் பக்கத்தில் யாரோ ஒருவர் செத்தவர்களைப் பார்த்து மனிதர்களை வரையப் பழகுகிறார்.

நாலாவது வடை முடிவதற்குள் அவருக்குப் பெயர் வைத்துவிட்டேன். கேதீஸ்வரன்.

2

முதல் தொடக்கம்: ‘தூரிகையின் நுனியில் ஒரு துளி விடியல் நடுங்கிக்கொண்டிருந்த –’

இல்லை. அவரிடம் இருந்தது பென்சில். விடியலில் அவர் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போவார்.

இரண்டாம் தொடக்கம்: ‘மனைவி இறந்து மூன்று ஆண்டுகளின் பின், கேதீஸ்வரன் நடுங்கும் கரங்களால் –’

வெட்டிவிட்டேன். முதல் பந்தியிலேயே ஒரு மனைவியைக் கொன்று அனுதாபம் சேர்ப்பது எங்கள் தொழிலில் மலிவான வேலை. அவர் கலியாணமே செய்யவில்லை. காரணம் கேட்காதீர்கள், ஊர் கேட்டுக் களைத்துவிட்டது.

மூன்றாவதுதான் நின்றது. கேதீஸ்வரனுக்கு ஐம்பத்து மூன்று வயது. கனடாவிலுள்ள தமையன் புத்தூரில் கட்டிய மாடிவீட்டில், மாடிக்கு ஏறாமல், கீழே ஓர் அறையில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் தமையன் வீடியோவில் வந்து, “தண்ணித் தாங்கி என்ன மாதிரி?” என்று கேட்பார். இவர் கைபேசியைத் தாங்கிப் பக்கம் திருப்புவார். தாங்கி நல்ல சுகம். இவருடைய முகம் அந்த அழைப்பில் ஒரு பத்து விநாடி தெரிந்தால் அதிகம்.

தபாற்கந்தோரில் அவர் இருப்பது கம்பிவலைக்குப் பின்னால். சனம் கீழ்த் துவாரத்தால் கடிதத்தைத் தள்ளும். அவருக்குத் தெரிந்தது கைகள்தான்.*

* கைகளை மிக அழகாக வரைவார் என்று எழுதியிருந்தேன். பிறகு அழித்தேன். ஒரு மனிதருக்கு இவ்வளவு பொருத்தமாக ஒன்றும் அமைவதில்லை.

3

சனசமூக நிலையத்தில் ஓவிய வகுப்பு செவ்வாயும் வியாழனும், பின்னேரம் ஐந்து முதல் ஆறரை வரை. பெரியவர்களுக்கு மட்டும். நடத்துபவர் அற்புதராணி ரீச்சர். முதல் நாள் அவர், “எல்லாரும் ஒரு முகப்படம் கொண்டுவாங்கோ,” என்றார். மற்றவர்கள் பேரப்பிள்ளையை, மகளைக் கொண்டுவந்தார்கள். கேதீஸ்வரன் பழைய பத்திரிகை கொண்டுவந்தார். அவருடைய வீட்டில் முகங்கள் இருந்தது அதில்தான்.

ஏழு மாதம். படத்தின் மேல் சின்னக் கட்டங்கள், தாளில் பெரிய கட்டங்கள். மேல் இடது மூலையில் தொடங்கி, ஒவ்வொரு கட்டமாக, கீழ் வலது மூலையில் முடிப்பார். மரண அறிவித்தலில் எல்லாரும் நேரே பார்ப்பார்கள். இரண்டு காதும் தெரியும், பல் தெரியாது. அடையாள அட்டைக்கென்று எடுத்த படம் கடைசியில் அதற்குத்தான் உதவுகிறது. அந்தப் பத்திரிகையின் வழக்கப்படி ஒவ்வொரு படத்தின் கீழ் வலது மூலையிலும் ஒரு சிறிய குத்துவிளக்கு எரியும். ஆகவே அவருக்குக் கடைசிக் கட்டம் எப்போதும் விளக்கு. அதைக் கண்ணை மூடிக்கொண்டும் கீறுவார்.

“கேதீஸ் அண்ணை, செத்த ஆக்களை நல்லாக் கீறுறியள்,” என்றார் ரீச்சர். “இனி உயிரோடை இருக்கிற ஒராளைக் கூட்டிக்கொண்டு வந்து இருத்திக் கீறுங்கோ. அது இல்லாமல் எங்கடை வகுப்புக் கண்காட்சியிலை வைக்கேலாது.”

கண்காட்சியில் அவருக்கு அக்கறையில்லை. (இதை அவர் ஒப்புக்கொள்ளமாட்டார், கதாசிரியருக்கென்று சில சலுகைகள் உண்டு.) ஒரு மனிதர் ஒன்றரை மணித்தியாலம் எழுந்து போகாமல் எதிரே இருப்பார் என்ற எண்ணம்தான் அன்று வெறும் ரோட்டில் அவரைச் சைக்கிள் மணியை அடிக்கவைத்தது.

4

எங்கள் வீடுகளில், ஒரு முகத்தை மட்டும் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டினால் அந்த ஆள் இல்லையென்று அர்த்தம். எனவே, வந்து இருக்கச் சொல்லிக் கேட்டபோது பக்கத்து வீட்டு இரத்தினம்மா சொன்னார்:

“தம்பி, என்ரை படத்துக்குச் சட்டம் போட மகன் லண்டனிலை இருந்து வரவேணும். நீர் அவசரப்படாதையும்.”

துணிந்து முன்வந்தவர் நிலையத் தலைவர் மார்க்கண்டு மட்டுமே. நாற்பது வருடப் பொதுச்சேவை. அதில் முப்பத்தொன்பது மேடையில். பொன்னாடையோடு வந்து அமர்ந்து, சட்டைப்பையிலிருந்து இருபத்தைந்து வருடத்துக்கு முந்திய தன் படம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

“தம்பி, என்னைப் பாக்காதையும். இதைப் பாத்துக் கீறும்.”

“ரீச்சர் உயிரோடை இருக்கிற ஆளைத்தான் –”

“நான் உயிரோடைதானே முன்னுக்கு இருக்கிறன். வேறென்ன வேணும்?”

பத்து நிமிடத்தில் நித்திரையாகிவிட்டார். பொன்னாடை மட்டும் விழித்திருந்தது.

அப்போதுதான் கேதீஸ்வரனுக்குச் செல்வநாயகி தெரிந்தார். நிலையத்தின் திறப்புச் சாவி அவரிடம்தான். வகுப்பு முடிந்ததும் பூட்டவேண்டும். அதுவரை விறாந்தையில் ஒரு கதிரையில் இருப்பார். ஏழு மாதமாக, வாரத்தில் இரண்டு நாள், ஒன்றரை மணித்தியாலம், எழுந்து போகாமல்.

“தங்கச்சி, உங்களை ஒருக்காக் கீறலாமோ?”

“நான் எப்பிடியும் உதிலை குந்திக்கொண்டுதானே இருக்கிறன். கீறுங்கோ. செத்தாப்போலை எனக்கு ஆர் படம் போடப்போகினம்?”

ஒரு சிக்கல். உயிருள்ள முகத்தில் பென்சிலால் கட்டம் போட முடியாது. கட்டம் இல்லாமல் அவருக்கு எங்கே தொடங்குவதென்று தெரியாது. அரைமணி நேரம் யோசித்துவிட்டு, விறாந்தைப் பக்க யன்னலைக் காட்டினார். அதில் சதுரம் சதுரமாக இரும்புக் கம்பிகள்.

“கதிரையை யன்னலுக்கு அங்காலை போடுவமோ? நான் உள்ளுக்கிருந்து பாக்கிறன்.”

“மறியலிலை கிடக்கிறவள் மாதிரி இருக்குமே.”

“படத்திலை கம்பி வராது.”

“ஆர் மறியலிலை எண்டு பாக்கிறவைக்கு விளங்கினால் சரி.”

செவ்வாய், வியாழன், செவ்வாய், வியாழன். நான்கு பின்னேரம். மூக்குக்கே இரண்டு பின்னேரம் போனது.

“மத்தியானம் என்ன சாப்பிட்டனீங்கள்?” யன்னலுக்கு வெளியிலிருந்து கேட்டார் செல்வநாயகி.

“புட்டு.”

“காலமையும் புட்டெண்டு சொன்னீங்கள்.”

“மிஞ்சினது. தலையை ஆட்டாதேங்கோ.”

“நான் ஆட்டேல்லை. நீங்கள்தான் கையை வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருக்கிறியள்.”

உண்மை. இரண்டாம் வியாழன் அவர் வேண்டுமென்றே மெதுவாகக் கீறினார். ஆனாலும் கட்டங்கள் தீர்ந்துகொண்டு வந்தன. கடைசிக் கட்டத்தில், கம்பிக்கு அப்பால், ஒன்றுமே இல்லை. சேலை முடிந்து வெறும் பின்னேரம். கேதீஸ்வரன் செல்வநாயகியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கை தன் பாட்டில் வேலை செய்தது.

ரீச்சர் பின்னால் வந்து நின்றார். தாளின் கீழ் வலது மூலையைக் குனிந்து பார்த்தார்.

“கேதீஸ் அண்ணை,” என்றார் மெதுவாக. “விளக்குக் கொளுத்திப்போட்டியள்.”

வெளியிலிருந்து குரல்: “முடிஞ்சுதோ? நான் வந்து பாக்கட்டோ?”

5

இந்த இடத்தில் நான் இரண்டு கிழமை நின்றேன். ரப்பரால் அழிக்கலாமே என்பீர்கள். கேதீஸ்வரனும் அழித்தார். ஏழு மாதப் பழக்கத்தில் அவ்வளவு அழுத்திக் கீறியிருந்தார். அழிக்க அழிக்க விளக்குப் புகைந்து கறுத்ததே தவிரப் போகவில்லை.

முடிவு ஒன்று. கறுத்த விளக்கை அவர் ஒரு பூட்டாக மாற்றுகிறார். திறப்பு வைத்திருக்கும் பெண், அருகே பூட்டு. விமர்சகர்கள் இதில் ஒரு கருத்தரங்கே நடத்துவார்கள், மார்க்கண்டு தலைமை தாங்குவார். அந்தப் பயத்திலேயே கைவிட்டேன்.

முடிவு இரண்டு. செல்வநாயகி வந்து பார்க்கிறார்.

“உதென்ன, என்னை அனுப்பிப்போட்டியளோ?”

“பழக்கதோசம், தங்கச்சி.”

“திகதியைக் காணேல்லை. அதையும் என்னட்டைக் கேட்டுப் போடுங்கோ.”

இருவரும் சிரிக்கிறார்கள். ரீச்சர் தேத்தண்ணி ஊற்றுகிறார். இதை எழுதிவிட்டு மூன்று நாள் சந்தோசமாகத் திரிந்தேன். அந்தச் சந்தோசத்தால்தான் சந்தேகம் வந்தது. அது கேதீஸ்வரனுடையதல்ல, என்னுடையது.

முடிவு மூன்றை வெட்ட முடியவில்லை. செல்வநாயகி வந்து பார்த்தார். இடுப்பிலிருந்து திறப்பை எடுத்தார். எல்லாரும் போகும்வரை நின்று, கதவைப் பூட்டிக்கொண்டு போனார். சனிக்கிழமை கண்காட்சியை மார்க்கண்டு திறந்துவைத்து, மனித முகத்தின் மாண்பு பற்றி ஒரு மணித்தியாலம், ஒருவர் முகத்தையும் பார்க்காமல் பேசினார். கேதீஸ்வரன் படம் வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் வகுப்புக்குப் போகாமல் விட நினைத்து, புட்டைப் பாதியில் மூடிவைத்து, பிறகு போனார். யன்னலுக்கு அப்பால் கதிரை வழக்கமான இடத்தில் கிடந்தது. செல்வநாயகியும் அதில் இருந்தார். ஆனால் கதிரையைத் திருப்பிப் போட்டிருந்தார். கம்பிச் சதுரங்களுக்குள் அவருடைய முதுகு, கொண்டை, இடுப்பில் செருகிய திறப்புக்கோர்வை.

மரண அறிவித்தலில் எவருடைய முதுகும் வருவதில்லை. ஏழு மாதத்தில் ஒன்றுகூட இல்லை. கேதீஸ்வரன் புதுத்தாள் ஒன்றை விரித்துக்கொண்டு நின்றார்.

கோபத்தில் திரும்பியிருக்கிறாரா? இல்லை, விளக்கு வைக்கப் பழகாத பக்கத்தைக் கீறத் தந்திருக்கிறாரா? கேட்பதற்குக் கேதீஸ்வரனுக்கு வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை. வாசகரே, நீங்கள் கேட்டுப்பாருங்கள். ஆறரைக்கு அவர் பூட்டிவிடுவார்.

6

இவ்வளவையும் எழுதிவிட்டு, அந்த எண்ணெய்த்தாளை மடித்து எடுத்துக்கொண்டு தேநீர்க்கடைக்குப் போனேன். கட்டம் போட்ட மனிதரை ஒருமுறை நேரில் பார்க்கவேண்டும் போலிருந்தது. அவரோடு ஒரு தேத்தண்ணி குடிக்கலாம்.

“அண்ணை, இந்தக் கோடெல்லாம் ஆர் கீறினது?”

கடைக்காரர் தாளைத் திருப்பிப் பார்த்தார். “நான்தான்.”

“நீங்கள் படம் கீறுவியளோ?”

“என்ன படம்? கடதாசியை அளவாக் கிழிக்கிறதுக்குப் போடுறது. இண்டைக்கும் எட்டோ?”

“ஓம், எட்டு.”

கட்டித் தந்தார். கேதீஸ்வரன் என்று ஒருவரும் இல்லை.