நான்காவது கேள்வி

பழைய யூதர் தெருவான ஜூ டவுனுக்குப் பின்னால் உள்ள சுக்குக் குடோனில் பதினான்கு பெண்கள், தாழ்ந்த பலகைகளில் குந்தியபடி நாள் முழுக்கச் சுக்கைத் தரம் பிரிக்கிறார்கள். அம்மாவும் அதில் ஒருத்தி. யாருக்கு எங்கே வலிக்கிறது என்று எழுதிப்போக, களமசேரிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் அதிதி படிவங்களோடு வந்திருந்தாள். வலி அதிகம் என்று தெரிந்தால் மேசையும் ஸ்டூலும் போட்டுத்தர முதலாளி சம்மதித்திருந்தார்.

சாப்பாட்டு நேரத்துக்குள் பதினான்கு பேரையும் ஒருத்தியால் கேட்க முடியாது. அம்மாவுக்குச் சோறு கொண்டுபோன என்னிடம் பாதிப் படிவங்களைக் கொடுத்தாள். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள்தான் என்றாலும் எனக்கு மலையாளம் வாசிக்க வரும்.

படிவத்தில் ஒரு மனித உருவம் முதுகைக் காட்டி நின்றது.

"இது ஆணா பெண்ணா?" என்றாள் அம்மாவின் பக்கத்துப் பலகைச் சரோஜம்மா.

"ஆரானா என்ன சேச்சி? வலிக்கற எடத்தைத் தொட்டுக் காமிச்சாப் போரும்," என்றாள் அதிதி.

"அப்போ முழுசுக்கும் மை பூசிரு மோளே!"

எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மாவின் முறை வந்தது. ஐந்து மாதமாக அவளால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. நான்காவது கேள்வியை வாசித்தேன். வலியால் எப்போதாவது வேலையை நிறுத்தியது உண்டா? இல்லை என்றால் அடுத்த இரண்டு பக்கங்களையும் விட்டுவிட வேண்டும். அந்த உருவமும், எந்த இடத்தில், எவ்வளவு, எத்தனை நாளாக என்பதும் அந்தப் பக்கங்களில்தான் இருந்தன.

"நானா? ஒரு நாள் கூட நிறுத்தினதில்லை," அம்மா பெருமையாகச் சொன்னாள். "நிறுத்தினா மறுநாள் என் பலகையில வேற ஆள் இருக்கும்."

"உண்டுன்னு சொல்லும்மா," என்றேன் மெதுவாக.

"போடீ. சூப்பர்வைசர் காதுல விழணுமா?"

அதிதியிடம் போய் நின்றேன். படிவத்தை நீட்டினேன்.

"சேச்சி, வேலையை நிறுத்தாதவங்களுக்கும் வலி உண்டு. அதை எங்கே எழுதறது?"

படிவத்தை வாங்கிப் பார்த்தாள். முகம் மாறியது.

"மூணு குடோன்ல இதே கேள்விதான் கேட்டேன். இப்போ மாத்தினா அதெல்லாம் வீணாப் போயிடும், குட்டி. என் ஆராய்ச்சிக் கைடு விடமாட்டார்."

திரும்பி வந்து 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். எனக்குத் தந்த ஏழு படிவங்களிலும் அதே கட்டம்தான்; வலியைக் கேட்கும் பக்கங்கள் காலி.

அதிதி பைக்குள் படிவக் கட்டை வைக்கும்போது அம்மா அருகில் வந்தாள்.

"மேடம், ஸ்டூல் வரும்போ எனக்கு ஜன்னல் பக்கம் சொல்லணும், கேட்டோ. அங்கே கொஞ்சம் காத்து வரும்."

அதிதி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.