இரண்டாவது டாக்டரிடம் சொல்லாதது

மாமா பழைய கார்களை வாங்கி விற்பவர். ஒரு மெக்கானிக் சொன்ன கோளாறை இன்னொரு மெக்கானிக்கிடம் சொல்லவே கூடாது என்பது அவருடைய தொழில் சட்டம். அதே சட்டத்தை என் மூக்குக்கும் போட்டார்.

என் இடது மூக்கு அடைத்துக்கொண்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. மாலை வகுப்பில் இரண்டு முறை அதிலிருந்து ரத்தம் வந்தது, சொட்டவில்லை, கொட்டியது. முதல் டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, மூக்கின் பின்பக்கம் ரத்தக் குழாய்கள் திரண்டு வளர்ந்த கட்டி என்றார். என் வயதுப் பையன்களுக்கு அபூர்வமாக வருவதாம். புற்றுநோய் இல்லை, ஆனால் அறுவை சிகிச்சை வேண்டும்.

"சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்காமலே எப்படிச் சொல்றீங்க?" என்று மாமா கேட்டார்.

"எடுத்தா ரத்தத்தை நிறுத்தறது கஷ்டம். அதை யாரும் கிள்ளக் கூடாது."

பிரித்துப் பார்க்காமல் சொல்கிற எதையும் மாமா நம்ப மாட்டார். இரண்டாவது டாக்டரின் வாசலில் காரை நிறுத்தியவர், ஸ்கேன் உறையைப் பின் சீட்டிலேயே விட்டார்.

"மாப்ள, அடைப்புன்னு மட்டும் சொல்லு. ரத்தம்னு வாயத் திறந்தா இந்த டாக்டரம்மாவும் அதே பாட்டத்தான் பாடுவாங்க. தானா கண்டுபிடிக்கட்டும்."

"சொல்லாம இருந்தா தப்பில்லையா மாமா?"

"நீ கார் வித்திருக்கியா? இல்லல்ல. பேசாம வா."

தலையாட்டினேன். அவர் சொல்வது தவறு என்று உறுதியாகத் தெரிந்திருந்தால் ஆட்டியிருக்க மாட்டேன். எனக்கு எதுவும் அப்படித் தெரிவதில்லை. முதல் டாக்டர் யாரும் கிள்ளக் கூடாது என்றாரா, இப்போதைக்குக் கிள்ள வேண்டாம் என்றாரா என்று படியேறும்போதே குழம்பிவிட்டேன்.

அறை சிறியது. கதவைச் சாத்தியதும் டிரே, விளக்கு, மாமாவின் முழங்கால் எல்லாம் என் நாற்காலியை நெருக்கிக்கொண்டு நின்றன. நர்ஸ் என் தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்தார். டாக்டரம்மா கேட்டதற்கெல்லாம் மாமாவே பதில் சொன்னார்.

"ரத்தம் ஏதாவது வந்துச்சா?"

"அதெல்லாம் இல்ல டாக்டர்."

"தம்பி பேசமாட்டாரா?"

"அவனுக்கும் சேத்துத்தான் எனக்கு வாய் குடுத்திருக்கு."

மரத்துப்போக மருந்தில் நனைத்த பஞ்சை மூக்கில் திணித்தார்கள். கசப்பு தொண்டைக்கு இறங்கியது. பிறகு கேமராக் குழாய் உள்ளே போனது. திரையில் சிவப்பாக, ஈரமாக ஒன்று வழியை அடைத்துக்கொண்டிருந்தது. என்னைவிட வசதியாக இருந்தது.

"சதை வளர்ச்சி மாதிரிதான் இருக்கு. ஒரு துணுக்கு எடுத்து அனுப்பிடலாம். எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்."

மாமா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். அவருக்கு வேண்டியிருந்தது அந்தத் துணுக்குதான்.

நர்ஸின் கை என் நெற்றியை அழுத்தியது. வாயால்தான் மூச்சு, பேச வேண்டுமானால் மூச்சை நிறுத்த வேண்டும். சொன்னால் மாமா பொய்யராகிவிடுவார், அதுவும் அவர் முன்னாலேயே. நான் முதல் டாக்டரைத் தப்பாகக் கேட்டிருந்தால்? இடுக்கியின் குளிர் மூக்கு நுனியில் பட்டது.

டாக்டரம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"பயப்படாதீங்க தம்பி."

"ரத்தம் வந்துச்சு," என்றேன். "ரெண்டு தடவை. நிக்கவே இல்ல. ஸ்கேன் கார்ல இருக்கு."

இடுக்கி டிரேக்குத் திரும்பியது.

"கார்ல ஏன் இருக்கு?" என்று மாமாவிடம் கேட்டார்.

மாமா தொண்டையைச் செருமினார். "நீங்களா கண்டுபிடிப்பீங்கன்னு..."

"போய் எடுத்துட்டு வாங்க."

அவர் கொண்டுவந்த படத்தை டாக்டரம்மா வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "முதல்ல பாத்தவர் சொன்னதேதான். நான் இதைக் கிள்ளியிருந்தா..." என்றவர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம் என்றார்.

முதல் சிக்னலில் கார் நின்றதும் மாமா என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு பேரும் ஒண்ணையே சொல்றாங்க மாப்ள. இனி இன்ஜினை இறக்கிப் பாத்துத்தான் ஆகணும்."

முன்னாலும் பின்னாலும் வண்டிகள் அசையாமல் நின்றன. கண்ணாடியை இறக்கி வாயால் மூச்சு வாங்கினேன். மடியில் ஸ்கேன் உறை இருந்தது. பின்னால் போடச் சொன்னார் மாமா. நான் போடவில்லை.