இடப்பக்கம் நின்றவர்

மரக்காணத்து உப்பளங்களில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை ஸ்கேனரில் வைத்தால், படத்துக்கு வெளியே நின்றவர்களும் வந்துவிடுவார்கள். கண்ணாடி எவ்வளவு அகலமோ அவ்வளவு பேர். அதனால் அந்தப் பக்கத்து ஆட்கள் ஸ்கேனர் வாங்கும்போது விலையைக் கடைசியில்தான் கேட்பார்கள்.

மெர்லின் வாங்கப் போனது ஒரே ஒரு படத்துக்காக. அவள் அப்பா அமிர்தசாமி கைக்குழந்தையாகத் தாய் மடியில் இருக்கும் படம் அது. தாயின் தோளில் ஓர் ஆணின் கை. கைக்குரிய கணவர் மரியதாஸ் படத்தின் இடது ஓரத்தோடு வெட்டுப்பட்டிருந்தார். அந்த மழைக்காலத்தில் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. வேறு படம் கிடையாது. அப்பன் முகம் தெரியாமலே அமிர்தசாமிக்குத் தலை நரைத்துவிட்டது.

மெர்லின் எதையும் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பாள், அப்போதும் தன்னை நம்பமாட்டாள். புதுச்சேரிக் கடையில் ராஜ்கமல் முதலில் எடுத்து வைத்தது ஒல்லியான ஸ்கேனர். வேகமாக ஓடியது. வெளியே நின்றவர்கள் வந்தார்கள், மூடுபனிக்குள் நிற்பதுபோல. கண்ணாடியில் ஒட்டிக் கிடப்பதைத்தான் அது பார்க்கும். உப்புக்காற்றில் சுருண்டிருந்த படத்தின் ஓரமே அதற்கு மங்கல்தான். அடுத்தது டிரங்குப் பெட்டி கனத்தில் ஒன்று. விளக்கு மெல்ல ஊர்ந்தது. வலப்பக்கத்து உப்புக் குவியலும், அதன்மேல் சிரிக்கும் பெண்களும், ஒரு நாயும், நாயின் மீசை மயிர்வரை தெளிவாக வந்தன. மரியதாஸ் வரவில்லை.

"அவ்ளோதாம்மா, விடு," என்றார் கூட வந்திருந்த அமிர்தசாமி.

மறுபடி எடுத்தாள், மறுபடியும் நாய்தான். தப்பு தன்னுடையதுதான் என்று வழக்கம்போல நினைத்தாள். இந்த முறை அது உண்மையாகவும் இருந்தது. அம்புக்குறி காட்டிய மூலையில் படத்தை முட்டும்படி வைத்திருந்தாள். இடப்பக்கம் கண்ணாடியே மிச்சமில்லை.

படத்தை எதிர் ஓரத்துக்குத் தள்ளினாள்.

"மேடம், அந்த மூலைலதான் வெக்கணும். மிஷின்லயே போட்டிருக்குதுங்க," என்றான் ராஜ்கமல்.

"அவரு நிக்க இடம் வேணாமா?"

விளக்கு ஊர்ந்தது. கலைந்த முடி வந்தது, நெற்றி வந்தது, பிறகு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் முகம்.

"யம்மா மெர்லினு! எங்கப்பன் சின்னப் பையன்டி! உன் தம்பி வயசுதான் இருக்கும்!"

கடையில் இருந்தவர்கள் எல்லாம் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். ராஜ்கமல் விசிலடித்தான்.

ஸ்கேனர் பஸ்ஸில் அமிர்தசாமியின் மடியில் ஊர் வந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் வீட்டு வாசலில் கூட்டம். லூர்துமேரி உப்பளத்தில் எடுத்த தன் கல்யாணப் படத்தை நீட்டினாள். "எங்கண்ணன் அன்னிக்குக் கோச்சிக்கினு ஓரமா நின்னுச்சு. எந்தப் பக்கம்னு ஞாபகம் இல்லியேடி."

மெர்லின் கண்ணாடியைத் துடைத்தாள். "ரெண்டு பக்கமும் வெச்சுப் பாத்துரலாம், அத்தே."