கோட்டுக்குக் கீழே

புது மெஷின் வந்த முதல் வாரமே என் ஓரகத்தி எழுதிய புரோகிராம் அதைப் படுக்க வைத்துவிட்டது. எனக்கு உள்ளூர ஒரே குஷி.

அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. எனக்கு முன்னால் இந்த அலுவலகத்தில், இதே நாற்காலியில் இருந்தவள். பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போனாள். அவள் எழுதிய பென்ஷன் புரோகிராம்தான் போகவில்லை. "பெரியவ எழுதினது இன்னைக்கும் ஓடுதாமே?" என்று நான் சாப்பிடும் நேரம் பார்த்துத்தான் மாமியார் கேட்பார். "அண்ணி மூளையே மூளை" என்பார் கணவர். நான் பாதிச் சாப்பாட்டில் தட்டோடு எழுந்துவிடுவேன்.

பழைய மெஷினில் இடம் குறைவு. நினைவகத்தில் எது எங்கே இருக்கிறது என்ற முகவரிக்கு நான்கு பைட். அதில் மூன்றுதான் முகவரி. முதல் பைட் சும்மா கிடக்கும். கிடக்கிறதே என்று பெரியவள் அதில் ஏதோ ஒரு குறியைப் போட்டு வைத்திருந்தாள். புது மெஷின் அதையும் முகவரியோடு சேர்த்து வாசித்து, இல்லாத வீட்டுக் கதவைப் போய்த் தட்டியது. வழி இல்லாமல் இல்லை. பழைய புரோகிராம்களுக்காகவே பதினாறு மெகாபைட்டில் ஒரு கோடு உண்டு. அதற்குக் கீழே புரோகிராமைக் குடிவைத்தால் மெஷின் முதல் பைட்டைக் கண்டுகொள்ளாது. அவ்வளவு பெரிய மெஷின் இவளுக்காகக் குனிந்து கொடுக்கும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் புதுசாவே எழுதிடுறேன் சார்" என்றேன் மேனேஜரிடம்.

"எழுதும்மா. ஆனா அந்தக் குறி என்னன்னு தெரியாம பென்ஷன்ல கை வைக்க விடமாட்டேன். உங்க வீட்டு ஆள்தானே, கேட்டுப் பாரு."

அவளிடம் போய்க் கையேந்துவதா? முடிந்தவரை இழுத்தடித்துவிட்டு, ஒரு மதிய இடைவேளையில் போன் செய்தேன்.

"அதுவா? பென்ஷன்காரர் இறந்துட்டாரு, பணம் மனைவிக்குப் போகணும்னு அர்த்தம். தனியா வைக்க இடமில்ல, அதான் அங்க சொருகினேன்." யோசிக்கக்கூட இல்லை. "நீ அதத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எழுது. எனக்கென்ன?"

சண்டைக்குத் தயாராக இருந்த எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிட்டாளே என்று அதற்கும் எரிச்சல்தான் வந்தது.

"உனக்கு எவ்வளவு இடம் குடுத்திருக்காங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டு ஜிகா வரைக்கும் போகலாம்க்கா." பெருமையை மறைக்காமலே சொன்னேன்.

அவள் காலத்தில் உச்சவரம்பே அந்தக் கோடு, பதினாறு மெகாபைட்; இது அதைப்போல நூறு மடங்குக்கும் மேல்.

"ரெண்டு ஜிகாவா..." குரல் இறங்கியிருந்தது. "ஒரு பைட்டுக்கு நான் நாயா அலைஞ்சேன்டி."

பின்னால் பிள்ளை சிணுங்கியது. "சும்மா இருடா, பேசிட்டிருக்கேன்ல!" அவள் அதட்டி நான் கேட்டதே இல்லை. ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அழுகை தூரமானது.

"வச்சிடாத" என்றாள். "அங்க கோட்டுக்கு மேல எப்படி இருக்கு? சொல்லேன்."