முதல் வார்த்தை

தேர்தலில் ஜெயித்த நாளிலிருந்து அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. நாட்டின் அடுத்த தலைவி என்பதால், கூடப் பிறந்த தம்பியே நாலு பேர் முன்னால் "மேடம்" என்றான். பதவியேற்க இன்னும் சில வாரங்கள் இருந்தன.

அன்று காலை பழைய தலைவர் போன் செய்தார். அவளிடம் தோற்றும் அதுவரை பதவியில் இருப்பவர், மேடைக்கு மேடை அவளைக் கிழித்துத் தொங்கவிட்டவர்.

"ஒரு உதவி கேக்கணும்மா. பக்கத்து நாட்டுக்காரங்க பிடிச்சு வெச்சிருக்காங்களே நம்ம கப்பல் ஆளுங்க, விட்டுடறோம்னு எங்கிட்ட ரகசியமா சொல்லியிருக்காங்க. நீங்க இப்ப ஏதாவது பேசினா, புதுசா வர்ற உங்ககிட்டயே பேரம் பேசிக்கலாம்னு விடாம நிறுத்திடுவாங்க."

"நான் வாயைத் திறக்கல."

"பயந்தாங்கொள்ளின்னு உங்க ஆளுங்களே சொல்லுவாங்க."

"நீங்க சொல்லாததையா சொல்லிடப் போறாங்க?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவளிடம் ஒருவர் அப்படிச் சிரித்துப் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது.

மதியம், அந்தக் கப்பலின் சமையல்காரனைப் பெற்றவள் வந்தாள். தையல்காரி. இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். கொடுத்த டீயைத் தொடவில்லை.

"ஓட்டுக் கேட்டு எங்க தெருவுக்கு வந்தப்ப என்ன சொன்னே? ஜெயிச்சதும் என் முதல் வார்த்தை உன் பிள்ளைக்காகத்தான்னு சொன்னியா, இல்லியா?"

"சொன்னேம்மா."

"அதைக் கேக்கத்தான் வந்திருக்கேன். கேட்டுக்கு வெளியில அத்தனை மைக் வெச்சிருக்காங்க. என் பிள்ளையை விடுங்கடான்னு ஒரு சத்தம் போடேன். உனக்கென்ன குறைஞ்சிடும்?"

உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் இந்தத் தாய் இன்று நிம்மதியாகத் தூங்குவாள். ஆனால் அது எதையும் மறைக்கத் தெரியாத முகம். அந்த முகத்தோடுதான் அவள் அத்தனை மைக்குகளையும் தாண்டிப் போக வேண்டும்.

"பதவிக்கு வர்ற வரைக்கும் வெளிநாட்டு விஷயத்தை நான் பேசக் கூடாதும்மா."

"ஓட்டு வாங்கற வரைக்கும் பேசலாமாக்கும்?"

தையல்காரி எழுந்துகொண்டாள்.

"பையனுக்கு மருந்து மாத்திரை ஏதாவது..." என்று கேட்டாள் புதுத் தலைவி.

"அவனுக்கு மூச்சு இழுப்பு உண்டு. உனக்கு எதுக்கு அதெல்லாம்?"

கேட்டில் மைக்குகள் தையல்காரியைச் சூழ்ந்தன. "ஜெயிச்சதும் அவங்களுக்கு வாயடைச்சுப் போச்சு," என்றாள். சற்று நேரத்தில் எல்லா டிவியிலும் அதுதான் ஓடியது. தம்பி மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"அக்கா, மானம் போகுது. ஒரு வரி போதும். நான் எழுதித் தர்றேன்."

"வேண்டாம்டா."

"பயப்படறியா?"

"அப்படியே வெச்சுக்கோ."

அவன் கோபித்துக்கொண்டு போய்விட்டான். கதவைச் சாத்திக்கொண்டு பழைய தலைவருக்கு அவளே போன் செய்தாள்.

"சமையல்காரப் பையனுக்கு இழுப்பாம். மருந்து போய்ச் சேரணும்."

"சாயங்காலத்துக்குள்ள சேர்ந்துடும்மா," என்றார் அவர்.

அடுத்த வாரம் எல்லோரும் விடுதலையானார்கள். விமான நிலையத்தில் தையல்காரி பழைய தலைவரின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நாடே பார்த்தது. சிறிது நேரத்தில் அவர் போனில் வந்தார்.

"என் கையைப் பிடிச்சு அழறாங்கம்மா. கூசுது. உங்களைப் பத்திச் சொல்லிடட்டுமா?"

"வேண்டாங்க. நாளைக்கு நானும் பக்கத்து நாட்டுக்காரங்ககிட்ட ரகசியமாப் பேச வேண்டியிருக்கும். இதை வெளியில சொன்னா யார் என்னை நம்புவாங்க?"

டிவியில் ஒரு நிருபர் தையல்காரியிடம் புதுத் தலைவியைப் பற்றிக் கேட்டார்.

"அவங்களா? அவங்க பேச்சே எடுக்காதீங்க."

கோபம் தணிந்து திரும்பி வந்திருந்த தம்பி, சட்டென்று சத்தத்தைக் குறைத்தான்.

"கூட்டி வைடா. அந்தம்மா பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கறாங்க, கேக்கணும்."

அவன் கூட்டி வைத்துவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தான். ஏதோ கேட்க வந்தவன், கேட்காமலே வெளியே போய்க் கதவை மெதுவாகச் சாத்தினான். அவள் கைகூப்பியபடி அந்தச் சிரிப்பைத் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.