முப்பத்தேழாம் கேள்வியின் மூன்று எழுத்துகள்

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் மதுரை பஸ் ஏறியபோது, முன் சீட்டில் இரண்டு பெண்கள் நோட்டை விரித்து எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தார்கள். "அஞ்சு இந்தப் பக்கம்னா மூணு அந்தப் பக்கம்" என்றாள் மூத்தவள். ஏதோ நிலத்தகராறு என்று நினைத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குள், அது டி.என்.ஏ. என்றும் அதில் ஒரு வேலை தொங்குகிறது என்றும் புரிந்தது. பிறகு ஒரு வாரம் பிளஸ் டூ உயிரியல் புத்தகத்தோடு மல்லுக்கட்டினேன்.

2

முதல் தொடக்கம்: 'நாகஜோதி மனச்சாட்சி உள்ளவள். அவள்…'

வேண்டாம். முதல் வரியிலேயே சான்றிதழ் கொடுத்துவிட்டால் அவள் செய்வதற்கு என்ன மிஞ்சும்?

இரண்டாவது: ஞாயிறு மத்தியானம் நாகஜோதி மறுநாள் பாடத்துக்குக் குறிப்பு எடுத்தாள். [இது என் ஊகம். நான் அங்கே இல்லை.] மூன்று வருடம் வேலையில்லாமல் இருந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் உயிரியல் ஆசிரியையாகச் சேர்ந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது.

புரதம் கட்ட அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் டி.ஆர்.என்.ஏ.வின் மூன்றெழுத்து ஆன்டிகோடானிலிருந்து பின்னோக்கிப் போய் டி.என்.ஏ.வைக் கண்டுபிடிக்கும் கணக்கு. கொடுத்திருப்பது 5'-CAU-3' (5', 3' என்பவை இழையின் இரு முனைகள்). Cக்கு G, Aக்கு U, Uக்கு A. ஜோடி போட்டால் GUA. ஆனால் சேரும் இழைகள் எதிரெதிர்த் திசையில் ஓடுபவை. ஆகவே அந்த GUA தொடங்குவது 3' முனையில். வழக்கப்படி 5' முனையிலிருந்து வாசித்தால் AUG. டி.என்.ஏ.வின் குறியீட்டு இழையில் Uக்குப் பதில் T வரும்: ATG.

(புத்தகம் சொல்கிறது: புரதம் கட்டுவது பெரும்பாலும் AUGயில்தான் தொடங்கும். GUA என்றால் வேறு அமினோ அமிலம். திசை மாறினால் பொருளே மாறிவிடுகிறது.)

நாகஜோதி பேனாவைக் கீழே வைத்தாள். வேலைக்கான தேர்வில் முப்பத்தேழாவது கேள்வி இதேதான். திசையைத் திருப்பாமல் அவள் எழுதியது GTA. பள்ளியின் விடைக்குறிப்பிலும் GTA. அவளுக்கு நாற்பத்து மூன்று மார்க். அடுத்து வந்த கேத்ரினுக்கு நாற்பத்திரண்டு. தேர்வு முடிந்த அன்று, "நான் ATG போட்டேங்க்கா" என்று கேத்ரின் சொன்னபோது, பாவம், குழப்பிக்கொண்டாள் என்று இவள் இரக்கப்பட்டிருந்தாள்.

3

கேத்ரினை எரிச்சல்காரியாகத்தான் முதலில் எழுதினேன். பஸ்ஸில் கேட்ட குரல் ஒத்துழைக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்ப்பவள். இருவருக்கும் தினமும் ஒரே பஸ். இனி வருவது என் காதில் விழுந்தது.

"நீ போட்டதுதான் சரி கேத்ரின். நேத்துதான் எனக்கு வெளங்குச்சு."

"எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. ஸ்கூல் ஆபீஸ்ல போய்க் கேட்டேன். எழுத்து மூணும் அதேதான, முன்னபின்ன இருந்தா என்னம்மான்னு சிரிச்சாவ."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லி? நீங்க சேந்துட்டீக. மொத நாள் புதுச் சேலையில எம்புட்டு சந்தோசமா பஸ் ஏறுனீக!"

நாகஜோதி பையிலிருந்து ஒரு கவரை எடுத்தாள். "தலைமையாசிரியருக்கு எழுதிருக்கேன். படம் போட்டு, அம்பு போட்டு. எனக்கு ஒரு மார்க் கொறையும், ஒனக்கு ஒண்ணு கூடும்."

"ஒங்க வேல போயிரும்க்கா."

"போகட்டும்னு சொல்ல எனக்கு வாய் வரல. பயமாத்தான் இருக்கு."

கேத்ரின் கவரை வாங்கிக்கொண்டாள். "இது எங்கிட்ட இருக்கட்டும். குடுக்கணுமா வேண்டாமான்னு நான் பாத்துக்கிடுதேன்."

"வச்சுக்க. ஆனா மூணாவது பீரியடு போர்டுல நான் ATGன்னுதான் எழுதுவேன். அத நீ தடுக்க ஏலாது."

4

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) வேலை கேத்ரினுக்குப் போகிறது. நாகஜோதி மறுபடி வீட்டில்…

ஆ) இருவருக்கும் வேலை. (வெட்கமாக இருந்தது.)

இ) கேத்ரின் கவரைக் கிழித்து…

மூன்றையும் அடித்துவிட்டேன். நான் பார்த்தது இவ்வளவுதான்: ஸ்ரீவில்லிபுத்தூரில் இருவரும் இறங்கினார்கள். பள்ளி இடப்பக்கம், லேப் வலப்பக்கம். நாகஜோதி திரும்பிப் பார்க்காமல் இடப்பக்கம் நடந்தாள். கேத்ரின் கவரை மார்போடு அணைத்து நின்றுகொண்டிருந்தாள். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது, நானும் இறங்கவில்லை.

கவர் இப்போது உங்கள் கையில். நாற்பத்திரண்டு மார்க் வாங்கியவர் நீங்கள்.